தளம் மாறுவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? சமூக ஊடகங்களிலிருந்து வெளியேற நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ட்விட்டர், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் போன்ற தளங்களின் மீது மனக்குறை இல்லாதவர்களைக் காண்பது அரிது. ஆனால் அவற்றை விட்டு வெளியேறி வேறொரு தளத்தில் நிலைத்துவிட்டவர்கள் மிகச் சிலரே. இதை மன உறுதிக் குறைவு என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. அது பெரும்பாலும் தவறான முடிவாகவே இருக்கும். கடந்த சில ஆண்டுகளில் இந்தியாவிலும் உலகின் பிற பகுதிகளிலும் நடந்த பெரிய இடமாற்ற முயற்சிகளைக் கொண்டு கீழ்க்காணும் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

ஒரு தளம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போய்விடலாம். இதில் என்ன சிரமம் இருக்கிறது?

புதிய செயலியைத் தரவிறக்கி, கைபேசி எண்ணைக் கொடுத்து, ஓடிபியை உள்ளிட்டுக் கணக்குத் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு சமூக ஊடகத்தின் பயனில் பெரும்பகுதி அதன் மென்பொருளில் இல்லை. அங்கே ஏற்கெனவே கூடியிருக்கும் மனிதர்களிடம் இருக்கிறது. பெல் ஆய்வகத்தின் பொருளியலாளர் ஜெஃப்ரி ரோல்ஃப்ஸ் 1974 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைக் கணித வடிவில் விளக்கினார். ஒரு தொலைத்தொடர்புச் சேவை ஒருவருக்குத் தரும் பயன், அதில் வேறு யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமையும் என்பது அவருடைய கருத்து. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால், 1970 இல், ஏடி அண்ட் டி நிறுவனம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் முகம் பார்த்துப் பேசும் படத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியிருந்தது. கட்டணம் அதிகமாக இருந்ததோடு, எதிர்முனையில் அதே கருவியை வைத்திருப்பவர்கள் மிகச் சிலராக இருந்ததும் அது தோற்றுப்போனதற்கு முக்கியக் காரணமாயிற்று.

ஊர்ச் சந்தையை நினைத்துப் பார்க்கலாம். பழைய இடம் நெரிசலாகவும் சேறாகவும் இருக்கிறது, சுங்கமும் கூடிவிட்டது, கூப்பிடு தூரத்தில் மேடை கட்டிய புதிய திடல் ஒன்று தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு வியாபாரி மட்டும் அங்கே போய்க் கடை விரித்தால் அன்று அவருக்குப் போணி ஆகாது. ஒரே ஒருவர் மட்டும் அங்கே காய் வாங்கப் போனால் வெறும் பையோடுதான் திரும்புவார். புதிய திடல் மேலானது என்பதை இருவருமே அறிந்திருப்பது இங்கே போதுமானதாக இல்லை.

எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். பிறகு ஏன் எல்லோரும் அங்கேயே இருக்கிறார்கள்?

மற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதால்தான். இது விளையாட்டாகச் சொல்லப்படுவதுபோல் தோன்றலாம். ஆனால் அளந்து பார்க்கப்பட்ட உண்மை. லியோனார்டோ பர்ஸ்டின் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2023 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நான்கு வாரம் கணக்கை முடக்கி வைக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்கப்பட்டது. மற்றவர்கள் அனைவரும் தளத்தில் தொடரும்போது தான் மட்டும் விலகுவதற்கு டிக்டாக்குக்குச் சராசரியாக 59 டாலரும் இன்ஸ்டாகிராமுக்கு 47 டாலரும் தேவை என்று தெரிந்தது. அதே மாணவர்களிடம், தங்கள் கல்லூரியில் உள்ளவர்கள் எல்லோருமே ஒருசேர விலகுவதாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது நிலைமை தலைகீழானது: அப்படி நடப்பதற்காகத் தங்கள் கையிலிருந்தே டிக்டாக்குக்கு 28 டாலரும் இன்ஸ்டாகிராமுக்கு 10 டாலரும் கொடுக்க அவர்கள் சராசரியாக முன்வந்தார்கள்.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருவர் ஒரு தளத்தை நாள்தோறும் பயன்படுத்துகிறார் என்பதை வைத்து அவர் அதை விரும்புகிறார் என்று முடிவு செய்துவிட முடியாது என்பதையே அவை காட்டுகின்றன. தனியாக வெளியே நிற்பதைவிட உள்ளே இருப்பது மேல் என்பதால் இருப்பவர்களும், அந்தத் தளமே இல்லாமல் போனால் நிம்மதி என்று நினைப்பவர்களும் ஒரே மனிதர்களாக இருக்க முடியும். நிறுவனங்கள் தங்கள் பயனர் எண்ணிக்கையைக் காட்டி, மக்கள் எங்களை விரும்பித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று வாதிடும்போதெல்லாம் இந்த வேறுபாடு மறைக்கப்படுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் ஆதங்கம் தருவது இதுதான்.

ட்விட்டர் 2022 இல் கைமாறியபோது பெருங்கூட்டம் மாஸ்டடானுக்குப் போனது. அது ஏன் நிலைக்கவில்லை?

ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கும் ஒப்பந்தம் 2022 அக்டோபர் 27 அன்று நிறைவேறியது. அதற்குப் பிந்தைய வாரங்களில், ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ 2016 இல் தொடங்கிய மாஸ்டடானின் மாதாந்திரப் பயனர் எண்ணிக்கை சில லட்சங்களிலிருந்து ஏறத்தாழ 25 லட்சத்துக்கு உயர்ந்தது. அடுத்த சில மாதங்களில் அந்த எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது. இதற்குப் பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன.

முதல் தடை வாசலிலேயே இருந்தது. மாஸ்டடான் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் தளம் அன்று; தனித்தனி மனிதர்களும் அமைப்புகளும் நடத்தும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏற்பாடு. இந்த அமைப்பில்தான் அதன் வலிமை இருக்கிறது. ஆயினும் புதிதாக வருபவரிடம், எந்த சர்வரில் சேரப்போகிறீர்கள் என்ற கேள்வியை எடுத்த எடுப்பிலேயே அது கேட்டது. விடை தெரியாதவர்கள் பலர் அங்கேயே திரும்பிவிட்டார்கள். உள்ளே போனவர்களுக்கும் பழைய நண்பர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. பதிவுகள் முழுவதையும் சொற்களால் தேடும் வசதி, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவர்களுக்கு அது உதவிவிடும் என்ற நியாயமான அச்சத்தால், அன்று வேண்டுமென்றே குறைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொருவரின் பதிவை மேற்கோளாக எடுத்துப் போட்டுக் கருத்துச் சொல்லும் வசதியும் அப்போது இல்லை. இத்தனைக்கும் மேலாக, அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு ஒரு நடைமுறை, ஒரு பேச்சு வழக்கம் இருந்தது; புதியவர்களில் பலர் அதைத் தங்களை ஒதுக்கும் கெடுபிடியாக உணர்ந்தார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணமாக நான் கருதுவது, கூட்டம் சிதறியதைத்தான். ட்விட்டரில் ஒரே இடத்தில் பேசிக்கொண்டிருந்த பத்திரிகையாளர்கள், அறிவியலாளர்கள், எழுத்தாளர்கள், ரசிகர்கள் ஆகியோரில் ஒரு பகுதியினர் மாஸ்டடானுக்கும், ஒரு பகுதியினர் போஸ்ட், ஹைவ் போன்ற புதுத் தளங்களுக்கும், இன்னும் சிலர் பிறகு வந்த த்ரெட்ஸுக்கும் ப்ளூஸ்கைக்கும் போனார்கள். போஸ்ட் 2024 இல் மூடப்பட்டது. ப்ளூஸ்கையோ 2024 பிப்ரவரி 6 வரை அழைப்பு உள்ளவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. ஆகவே ஆட்கள் கிளம்பத் தயாராக இருந்த அந்தக் காலத்தில், ஒரு நட்பு வட்டத்தில் இருவர் உள்ளேயும் எட்டுப் பேர் வெளியேயும் நிற்க நேர்ந்தது. எங்கே போவது என்பதில் உடன்பாடு இல்லாததால், பழைய இடமே எல்லோருக்கும் பொதுவான ஒரே இடமாக எஞ்சியது.

எதிர்மாறான நிகழ்வு பிரேசிலில் நடந்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி அலெக்சாந்தரே டி மொராயிஸின் உத்தரவால் 2024 ஆகஸ்ட் இறுதியில் எக்ஸ் (ட்விட்டரின் புதிய பெயர்) தளம் நாடு முழுவதும் முடக்கப்பட்டபோது, சில நாட்களுக்குள் ப்ளூஸ்கையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிரேசிலியர்கள். பிரேசில் மக்களுக்கு மற்றவர்களைவிட மன உறுதி அதிகம் என்பது இதற்குப் பொருளன்று. ஒரே நாளில் எல்லோருக்கும் கதவு மூடப்பட்டதால், யார் முதலில் போவது என்ற கேள்வியே எழவில்லை. அக்டோபர் 8 அன்று தடை நீங்கியதும் கணிசமானோர் எக்ஸுக்குத் திரும்பினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு நீதிமன்றம் ஒரு தளத்தையே முடக்குவதை நல்ல வழி என்று நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் நகரும்போது என்ன நடக்கிறது என்பதற்கு மட்டுமே இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

அப்படியானால் த்ரெட்ஸ் மட்டும் எப்படி ஐந்தே நாளில் பத்து கோடிப் பேரைச் சேர்த்தது?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றின் உரிமையாளரான மெட்டா நிறுவனம் 2023 ஜூலை 5 அன்று த்ரெட்ஸைத் தொடங்கியபோது, இன்ஸ்டாகிராம் கணக்கு வைத்திருப்பவர் அதே பெயருடன், தான் ஏற்கெனவே பின்தொடரும் ஆட்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே நுழைய முடிந்தது. தொடர்பு வலையைத் தூக்கிச் செல்ல அனுமதித்தால் தளம் மாறுவது எவ்வளவு எளிதாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆனால் அந்த அனுமதி ஒரே நிறுவனத்தின் இரண்டு வீட்டுக்கு இடையில் மட்டுமே இருந்தது. வெளியேறும் வழியோ அவ்வளவு எளிதாக இல்லை: தொடக்க மாதங்களில் த்ரெட்ஸ் கணக்கை அழிக்க வேண்டுமானால் இன்ஸ்டாகிராம் கணக்கையும் சேர்த்தே அழிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் இது மாற்றப்பட்டது. ஆட்கள் வந்து சேர்ந்ததும் பேச்சு தானாக வந்துவிடவும் இல்லை. முதல் சில வாரங்களிலேயே அன்றாடப் பயன்பாடு வெகுவாகச் சரிந்து, பிறகுதான் மெல்ல மீண்டது.

வாட்ஸ்அப்பை விட்டு சிக்னலுக்குப் போகிறோம் என்று 2021 இல் பலர் அறிவித்தார்களே?

அந்த ஆண்டு ஜனவரியில் வாட்ஸ்அப் தனது தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாகவும், பிப்ரவரி 8 ஆம் தேதிக்குள் அதை ஏற்க வேண்டும் என்றும் பயனர்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. சிக்னல், டெலிகிராம் ஆகிய செயலிகளின் தரவிறக்கம் கிடுகிடுவென்று உயர்ந்தது. ஜனவரி 15 அன்று கூட்டம் தாங்காமல் சிக்னல் சேவையே ஏறத்தாழ ஒரு நாள் தடைபட்டது. எதிர்ப்பைக் கண்ட வாட்ஸ்அப் கெடுவை மே 15 வரை தள்ளிவைத்தது. அந்த இடைவெளியில் கோபம் ஆறியது. பிப்ரவரி இறுதியில் இந்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி, நாட்டில் வாட்ஸ்அப் பயனர்கள் 53 கோடி.

நடந்ததைக் கூர்ந்து பார்த்தால், சிக்னலைத் தரவிறக்கியவர்களில் மிகப் பலர் வாட்ஸ்அப்பை நீக்கவே இல்லை என்பது புரியும். நீக்கவும் முடியாது. பிள்ளையின் வகுப்பாசிரியர் வீட்டுப்பாடத்தை அனுப்புவது அங்கே. அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற செய்தி அங்கே. ஊரிலிருக்கும் பெரியம்மா காலை வணக்கம் அனுப்புவது அங்கே. துபாயிலோ டொராண்டோவிலோ இருக்கும் தம்பி வாரம் ஒருமுறை முகம் காட்டுவதும் அங்கேதான். சென்னை மெட்ரோ ரயில் பயணச்சீட்டைக்கூட 2023 மே மாதம் முதல் வாட்ஸ்அப் வழியாக எடுக்கலாம். ஒருவர் பத்துக் குழுக்களில் இருக்கிறார் என்றால், அவர் வெளியேறுவதற்கு அந்தப் பத்துக் குழுக்களும் நகர வேண்டும். அந்தக் குழுக்களில் உள்ள ஒவ்வொருவரும் வேறு பத்துக் குழுக்களில் இருக்கிறார்கள். முடிச்சு ஓரிடத்தில் இல்லை.

இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்ற வகையில் அந்தக் கொள்கை திணிக்கப்பட்டதையே குற்றமாகச் சொன்னது. வலைப்பின்னலின் அளவு காரணமாக வெளியேறும் வாய்ப்பு பயனர்களுக்கு உண்மையில் இல்லை என்பது அந்தத் தீர்மானத்தின் அடிப்படை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை நிலைநிறுத்தியது. வாட்ஸ்அப் பயனர்களின் தரவை விளம்பரத்துக்காக மெட்டாவின் பிற தளங்களுடன் பகிர்வதற்கு விதிக்கப்பட்டிருந்த ஐந்தாண்டுத் தடையை நீக்கியது.

உள்நாட்டுச் செயலிகள் வந்தால் இந்த நிலை மாறாதா? அரட்டை, கூ போன்றவை என்ன ஆயின?

ஸோஹோ நிறுவனத்தின் அரட்டை செயலி 2021 இலேயே வெளிவந்தாலும், 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சர்கள் வெளிப்படையாக ஆதரித்த பிறகே பெரும் கவனம் பெற்றது. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாட்களில் 3.5 லட்சம் பேர் சேரத் தொடங்கியதாக ஸோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். தமிழ்நாட்டிலிருந்து எழுந்த ஒரு நிறுவனத்தின் செயலி தரவிறக்கப் பட்டியல்களில் முதலிடம் பிடித்தது பெருமைக்குரிய செய்திதான். ஆனால் செயலியைத் திறந்து பார்த்த பலருக்கு, தங்கள் தொடர்புப் பட்டியலிலிருந்து நாலைந்து பேர் மட்டுமே அங்கே தெரிந்தார்கள். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்யும் முழுமையான மறைகுறியாக்கம் குறுஞ்செய்திகளுக்கு அப்போது இல்லாததும் தயக்கத்தைக் கூட்டியது. சில வாரங்களில் அது பட்டியல்களில் கீழிறங்கிவிட்டது.

கூ தளத்தின் கதை இன்னும் தெளிவானது. 2020 இல் தொடங்கப்பட்டு, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் ட்விட்டரைப் போல இயங்கிய அந்தத் தளத்தில், 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டம் தொடர்பாக ட்விட்டருக்கும் ஒன்றிய அரசுக்கும் மோதல் ஏற்பட்டபோது அமைச்சர்களும் அமைச்சகங்களும் கணக்குத் தொடங்கினார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ட்விட்டர் கணக்கை மூடவில்லை. அதே செய்தியை இரண்டு இடங்களிலும் வெளியிட்டார்கள். அமைச்சரே பழைய இடத்தில் இருக்கும்போது, அவரைப் பின்தொடர்பவர் புதிய இடத்துக்கு வருவதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. கூ 2024 ஜூலையில் மூடப்பட்டது. தேசப்பற்று ஒருவரைச் செயலியைத் தரவிறக்கச் செய்யும். மறுநாளும் அதைத் திறக்கச் செய்வது அங்கே அவருக்காகக் காத்திருக்கும் செய்தி மட்டுமே.

இது வெறும் பழக்கம் அல்லது அடிமைத்தனம் என்று சொல்லிவிட முடியாதா?

பழக்கத்துக்கும் பங்கு உண்டு. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது விரலுக்கே தெரிந்துவிட்ட பிறகு, புதிய இடத்தில் தடவித் தடவித் தேடுவது எரிச்சல் தரும். ஆனால் பழக்கத்தை மட்டுமே காரணமாகக் காட்டினால், பொறுப்பு முழுவதும் தனிமனிதரின் தலையில் விழுகிறது. மேலே சொன்ன மாணவர்கள் கூட்டாக விலகுவதற்குப் பணம் கொடுக்கவும் தயாராக இருந்தார்கள் என்பதைப் பழக்கத்தால் விளக்க முடியாது.

என் பழைய பதிவுகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு போக முடியாதா?

எடுக்கலாம், எடுத்ததை எங்கும் வைக்க முடியாது என்பதுதான் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின் 20 ஆம் பிரிவு, ஒருவர் தன் தரவை எடுத்துச் செல்லும் உரிமையை வழங்குகிறது. அதன் பயனாகப் பெரிய தளங்கள் அனைத்திலும் இன்று உங்கள் பதிவுகளின் தொகுப்பைத் தரவிறக்கிக்கொள்ளலாம். இந்தியாவில் 2019 இல் முன்வைக்கப்பட்ட தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இத்தகைய உரிமை இடம்பெற்றிருந்தது. 2023 இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. இதைப் பற்றிப் பொதுவெளியில் போதுமான விவாதம் நடக்காதது வருத்தத்துக்குரியது.

தரவிறக்கிய தொகுப்பைத் திறந்தால், நீங்கள் எழுதியவை இருக்கும். உங்களுக்கு மற்றவர்கள் எழுதிய பதில்கள் பெரும்பாலும் இருக்கமாட்டா, ஏனெனில் சட்டத்தின் பார்வையில் அவை அவர்களுடைய தரவு. ஆனால் ஒரு நல்ல விவாதத்தில் உங்கள் பங்கை மட்டும் பிரித்து எடுத்தால் மிஞ்சுவது பாதிப் பேச்சு. வாட்ஸ்அப்பிலிருந்து ஒவ்வொரு உரையாடலையும் எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். அதை சிக்னலில் உள்ளிட்டுத் தொடர வழி இல்லை. மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பின்தொடர்பவர்கள் உங்களுடன் வருவார்கள், பழைய பதிவுகள் வரமாட்டா. ப்ளூஸ்கையின் அடிப்படையாக உள்ள ஏடி நெறிமுறை (சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதித்தொகுப்பு), பதிவுகளையும் தொடர்புகளையும் சேர்த்தே வேறு சர்வருக்கு நகர்த்தும்படி வடிவமைக்கப்பட்டது. ஆயினும் இதுவரை பெரும்பாலோர் அந்நிறுவனத்தின் சர்வர்களிலேயே இருக்கிறார்கள்.

வெளியேறாமல் அங்கேயே இருந்தால் நினைவுகள் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் பலமுறை பொய்த்திருக்கிறது. கூகுளின் பழைய சமூக ஊடகமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. மைஸ்பேஸ் தளம், சர்வர் மாற்றத்தின்போது பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயனர்கள் ஏற்றியிருந்த இசைக் கோப்புகளை இழந்துவிட்டதாக 2019 இல் ஒப்புக்கொண்டது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் அதில் போயின. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டபோது, வலைப்பதிவுக் காலத்துக்குப் பிறகு தமிழில் அங்கே நடந்த நீண்ட இலக்கிய, மொழி, மென்பொருள் விவாதங்களும் சேர்ந்தே மறைந்தன. தன்னார்வலர்கள் ஒரு பகுதியை இணைய ஆவணக் காப்பகத்தில் சேமித்தார்கள் என்றாலும், அதிலிருந்து ஒரு தமிழ் உரையாடலைத் தேடி எடுப்பது பெரும்பாடு. நம் மொழியில் சிந்தனை எங்கே நடந்தது என்பதற்கான சான்று இப்படி ஒரு நிறுவனத்தின் வணிக முடிவால் அழிவதை நாம் இழப்பாகக்கூடப் பதிவு செய்வதில்லை.

நிறுவனங்கள் வேண்டுமென்றே வெளியேறுவதைக் கடினமாக்குகின்றனவா?

ஆம். இதற்குப் பொதுவெளியில் ஆவணங்களே உள்ளன. ட்விட்டரின் வைன் என்ற குறுங்காணொளிச் செயலி 2013 ஜனவரியில் வெளியான அன்றே, ஃபேஸ்புக் நண்பர்களைத் தேடிச் சேர்க்கும் வழியை அதற்கு மூடிவிடலாமா என்று ஓர் அதிகாரி கேட்டதற்கு மார்க் சக்கர்பெர்க் ஒரே வரியில் சம்மதம் தெரிவித்தார். அந்த மின்னஞ்சல் 2018 டிசம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் இருக்கிறது. பல தளங்களின் கணக்குகளை ஒரே திரையில் காண உதவிய பவர் வென்ச்சர்ஸ் நிறுவனத்தின் மீது ஃபேஸ்புக் 2008 இல் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நடந்து, ஃபேஸ்புக்குக்குச் சாதகமாக முடிந்தது.

ட்விட்டர் 2022 டிசம்பர் 18 அன்று, மாஸ்டடான், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் உள்ள தங்கள் கணக்குக்குப் பயனர்கள் இணைப்புக் கொடுப்பதைத் தடைசெய்யும் விதியை அறிவித்தது. கடும் எதிர்ப்பால் மிக விரைவிலேயே பின்வாங்கியது. ஆனால் 2023 இன் தொடக்கத்தில் பிற செயலிகள் ட்விட்டரின் தரவைப் பெற உதவும், ஏபிஐ எனப்படும் நிரல் இடைமுகத்தின் இலவசப் பயன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது. ட்விட்டரில் தாம் பின்தொடர்ந்தவர்களை மாஸ்டடானில் கண்டுபிடித்துத் தந்துகொண்டிருந்த சிறு கருவிகள் அந்த இடைமுகத்தை நம்பியே இருந்தன, அவை செயலிழந்தன. வெளிப்படையான தடையைவிட இந்த இரண்டாவது நடவடிக்கை அதிகம் கட்டிப்போட்டது என்பது என் கணிப்பு.

எனக்குப் பெரிய பின்தொடர்வோர் கூட்டம் இருக்கிறது; தொழிலே அதை நம்பித்தான். எனக்கு இது எப்படிப் பொருந்தும்?

உங்களுக்குத்தான் இழப்பு மிக அதிகம். இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடைசெய்தபோது, நாட்டில் ஏறத்தாழ 20 கோடிப் பேர் டிக்டாக்கைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். சிற்றூர்களிலிருந்து ஆடியும் பாடியும் நடித்தும் லட்சக்கணக்கானோரைச் சேர்த்திருந்தவர்கள் ஒரே இரவில் பூஜ்யத்துக்கு வந்தார்கள். ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. மோஜ், ஜோஷ் போன்ற உள்நாட்டுச் செயலிகளும் போட்டியிட்டன. யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ முன்பே ஒரு கால் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். மற்றவர்களின் கூட்டம் எங்கே போயிற்று என்று அவர்களுக்கே தெரியவில்லை, ஏனெனில் அந்தப் பெயர்ப் பட்டியல் அவர்கள் கையில் ஒருபோதும் இருந்ததில்லை. மின்னஞ்சல் பட்டியலோ, சொந்த வலைத்தள முகவரியோ, வாடிக்கையாளர்கள் விரும்பிக் கொடுத்த தொலைபேசி எண்களோ, எந்தத் தளத்தையும் சாராத ஏதேனும் ஒரு தொடர்பு வழியை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

பழைய தளங்கள் வீழ்ந்திருக்கின்றனவே? ஆர்குட்டிலிருந்து எல்லோரும் ஃபேஸ்புக்குக்கு வரவில்லையா?

வந்தார்கள். ஆனால் அந்தக் காலத்தின் இரண்டு சூழ்நிலைகள் இன்று இல்லை. ஒன்று, அன்று இணையத்துக்குப் புதிதாக வருபவர்களின் எண்ணிக்கை ஏற்கெனவே இருந்தவர்களைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. புதியவர்கள் நேரே ஃபேஸ்புக்கில் சேர்ந்ததால், ஆர்குட்டில் இருந்தவர்களுக்கு நண்பர்கள் அங்கே ஏற்கெனவே காத்திருந்தார்கள். மற்றொன்று, போட்டியாளர்கள் விலைக்கு வாங்கப்பட்டுவிட்டார்கள். ஃபேஸ்புக் 2012 இல் 100 கோடி டாலருக்கு இன்ஸ்டாகிராமையும், 2014 இல் ஏறத்தாழ 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பையும் வாங்குவதாக அறிவித்தது. இன்று ஃபேஸ்புக்கை வெறுத்து இன்ஸ்டாகிராமுக்குப் போகிறவர் வேறு அறைக்குப் போகிறாரே ஒழிய, வீட்டுக்காரர் மாறவில்லை.

சட்டத்தால் இதைத் தீர்க்க முடியுமா?

ஓரளவு முடியும் என்பதற்கு நம் கைபேசிகளே சான்று. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இந்தியா முழுவதும் 2011 ஜனவரி 20 அன்று தொடங்கியது; 2015 ஜூலை முதல் மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அதே எண் தொடர்கிறது. அதைவிட முக்கியமானது, ஒரு நிறுவனத்தின் எண்ணிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் எண்ணுக்குப் பேசலாம் என்பது. ஜியோவுக்கு மாறியவர் ஏர்டெல்லில் இருக்கும் அம்மாவை இழந்துவிடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைகள் சட்டம் 2024 மார்ச் 7 முதல் பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. வாட்ஸ்அப், மெசஞ்சர் ஆகியவை, கோரிக்கை வைக்கும் பிற செய்திச் செயலிகளுடன் செய்தி பரிமாறிக்கொள்ள வழிசெய்ய வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. இது ஐரோப்பாவுக்கு மட்டும் உரியது. பதிவுகள் இடும் சமூக ஊடகங்களுக்கு அந்த விதி பொருந்தாது என்பது அதன் பெரிய குறை. தொழில்நுட்பம் இல்லாததால் இந்தக் குறை நேரவில்லை: வெவ்வேறு தளங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018 ஜனவரியிலேயே தரநிலையாக ஏற்றுவிட்டது, மாஸ்டடான் அதில்தான் இயங்குகிறது. இந்தியாவில் இப்படி ஒரு கடமையை நிறுவனங்களின் மீது சுமத்தும் சட்டம் இன்று இல்லை. அது வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

எங்கள் குழு உண்மையிலேயே மாற விரும்புகிறது. எப்படிச் செய்வது?

தனித்தனியாக மனம் மாறுவதற்குக் காத்திருக்காமல், குழுவாக முடிவெடுத்து ஒரே தேதியில் நகருங்கள். திறந்தநிலை மென்பொருள் ஆர்வலர்கள் பயன்படுத்திய ஃப்ரீநோட் அரட்டைச் சேவையின் நிர்வாகம் 2021 மே மாதத்தில் சர்ச்சைக்குள்ளானபோது, அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் விலகி லிபெரா சாட்டைத் தொடங்கினார்கள். சில வாரங்களிலேயே பெரிய மென்பொருள் திட்டங்கள் பல அங்கே இடம்பெயர்ந்துவிட்டன. ஒவ்வொரு அரட்டை அறைக்கும் பொறுப்பாளர்கள் இருந்தார்கள். அவர்கள் புதிய முகவரியை அறிவித்து அறையையே மாற்றினார்கள். உறுப்பினர்கள் செய்ய வேண்டியிருந்தது பின்தொடர்ந்து போவது மட்டுமே.

வாட்ஸ்அப் குழுவிலும் இதையே பின்பற்றலாம். எல்லாக் குழுக்களையும் ஒரே நாளில் மாற்ற முயலாமல், ஆறேழு பேர் கொண்ட நெருங்கிய குழு ஒன்றில் தொடங்குவது நல்லது. உடன்பிறந்தவர்கள், பழைய வகுப்புத் தோழர்கள், ஒரே வேலையில் இருப்பவர்கள். எந்தத் தளம் என்பதை விவாதித்து முடித்துவிட்டுத் தேதி குறியுங்கள், ஏனெனில் இரண்டு தளங்களை முன்வைத்தால் குழு இரண்டாகும். வீட்டுப் பெரியவர்களின் கைபேசியில் செயலியை நிறுவிக் கொடுத்து, முதல் செய்தியை அவர்களையே அனுப்பச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டுத் தொடங்கும் குடும்பக் குழுக்கள் அவர்கள் இல்லாமலே வெறிச்சோடும். குறித்த தேதிக்குப் பிறகு, பழைய குழுவில் அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்ற அமைப்பைப் போட்டு, புதிய குழுவின் இணைப்பை மேலே நிறுத்திவையுங்கள். இரண்டு இடங்களிலும் பேச்சைத் தொடர அனுமதித்தால், கூ தளத்தில் அமைச்சகங்கள் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்.

எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிலர் வரமாட்டார்கள், அவர்களுக்காகத் தொலைபேசி இருக்கிறது.

மாறிய பிறகு பழைய கணக்கை அழித்துவிடலாமா?

உடனே அழிக்க வேண்டாம். எக்ஸ், ஃபேஸ்புக் ஆகியவற்றில் அழிக்கச் சொன்ன கணக்கை 30 நாள் வரை மீட்கலாம். அதன் பிறகு திரும்பப் பெற முடியாது. எக்ஸில் அப்படி விடுபட்ட பயனர் பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டு உங்களைப்போல் எழுதும் ஆபத்தும் உண்டு. முதலில் உங்கள் தரவுத் தொகுப்பைத் தரவிறக்கி, அது முழுமையாகத் திறக்கிறதா என்று சரிபாருங்கள். அதன் பிறகு, புதிய முகவரியைத் தன்விவரத்தில் எழுதி, அதே செய்தியை முதல் பதிவாக நிறுத்திவைத்து, செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டுக் கணக்கை மட்டும் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் கணக்கை அழித்தால் நீங்கள் இருக்கும் எல்லாக் குழுக்களிலிருந்தும் உங்கள் பெயர் நீங்கிவிடும் என்பதால், பள்ளி, குடியிருப்பு, மருத்துவமனை போன்ற இன்றியமையாத தொடர்புகளுக்கு மாற்று வழி கிடைத்துவிட்டதை உறுதிசெய்த பிறகே அதைச் செய்யுங்கள்.